அறுபத்தொன்றாம் எண் கோப்பை

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எதையும் சீட்டு ஒட்டாமல் மேசைமேல் வைக்கக் கூடாது. பதினான்கு வருடமாக அங்கே பாட்டிலும் கையுமாக வேலை பார்த்து ‘பாட்டில் அக்கா’ என்றே பெயர் வாங்கியவளுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். வீட்டில் உப்பு டப்பாவில் சீட்டு, பீரோ சாவியில் சீட்டு, கணவருடைய மாத்திரைப் பெட்டியில் மூன்று சீட்டு. கணவர்மேல் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. விடுமுறை நாட்களில் அவர் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே நடமாடுவார்.

கூடத்தில் அவளுடைய டீக் கோப்பைக்கும் சீட்டு உண்டு. முதலில் தன் பெயரை எழுதித்தான் ஒட்டியிருந்தாள். ஆய்வாளர்கள் அதை மதிக்கவில்லை. எடுத்துக் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஒருநாள் எரிச்சலில் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, ‘மாதிரி 61. குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டினாள். அதன்பிறகு ஒரு பயலும் அதைத் தொடவில்லை. எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அவள் மனசில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது அந்த எண்தான்.

நகரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தெருக்குழாய்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் பாட்டில் பிடித்து வந்து சோதிப்பது அவள் வேலை. அறுபத்தொன்றாம் குழாயில் ஈயம் இருந்தது. மண்ணுக்கடியில் கிடக்கும் பழைய குழாயிலிருந்து வருகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கெடாது. சிறு குழந்தைகள் தொடர்ந்து குடித்தால் மூளை வளர்ச்சி மந்தமாகும். அந்தத் தெருவில்தான் அவளுடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கைக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை.

தங்கையிடம் சொல்லாமலா இருப்பாள்? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

“போக்கா. இந்தத் தெருவுல எண்பது வயசு ஆளுங்கல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க. பாட்டிலயே பார்த்துப் பார்த்து உனக்கு எதைக் கண்டாலும் விஷமாத் தெரியுது” என்றாள் தங்கை. அக்கா வாராவாரம் இரண்டு கேன் நல்ல தண்ணீர் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாள். தங்கை அதில் வீடு துடைத்தாள். தரை பளிச்சென்று இருந்தது.

கூடத்தின் இயக்குநர் இதையெல்லாம் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். ‘நன்றி’ என்ற பகுதியில் கடைசியாக அக்காவின் பெயர். நகராட்சிக்கு ஒரு பிரதி போனது. பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. கட்டுரை வெளியான இணையதளத்தில், எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் எண் காட்டும். இரண்டு வருடம் கழித்தும் அந்த எண் மூன்றுதான். ஒன்று இயக்குநர், ஒன்று அவருடைய மைத்துனர், மூன்றாவது அக்கா.

இந்த நிலையில் எதிர் அறை ஆய்வாளர் ஒருவர், சொந்தக் கோப்பையில் குடித்தால் டீ ருசிக்கிறதா என்று ஆராயப் புறப்பட்டார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று அக்கா நினைத்தாள், ஆனால் ஓசி டீ என்பதால் உட்கார்ந்தாள். முப்பத்துநான்கு ஊழியர்களுக்கு ஒரே டீயைச் சொந்தக் கோப்பையிலும் அடுத்தவர் கோப்பையிலும் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். அக்கா சொந்தக் கோப்பைக்குப் பத்தும் மற்றதற்கு நாலும் போட்டாள். கட்டுரையில் படம் ஒன்று வேண்டுமே என்று அவளுடைய கோப்பையையே எடுத்துப் போட்டார்.

ஒரே வாரத்தில் வட்டத்துக்குள் எண் ஐயாயிரத்தைத் தாண்டியது. அந்த வருடம் அதிகம் பேசப்பட்ட ஆய்வுகளின் பட்டியலில் அதுவும் ஏறிவிட்டது. கோப்பையை வைத்து மாமியாரும் மருமகளும் இணையத்தில் கட்டிப் புரண்டார்கள். இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

மறுநாளே ஒரு நிருபர் வந்து நின்றார். பிரபலமான கோப்பையில் அக்கா சிரித்தபடி குடிப்பதுபோல ஒரு படம் வேண்டுமாம். அக்கா கோப்பையைக் கழுவினாள். காலையில் பிடித்துவந்த பாட்டில்களில் அறுபத்தொன்றைத் தேடி எடுத்து, கோப்பையில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

“முதல்ல நீங்க குடிங்க.”

நிருபர் உள்ளே எட்டிப் பார்த்தார். “தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஆனா குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே?”

“எழுதுனது நான்தான். அந்தக் குழாய்த் தண்ணிய என் தங்கச்சி பொண்ணு தினமும் குடிக்குது. இப்ப நீங்க குடிச்சீங்கன்னா நானும் சிரிக்கிறேன்.”

அவர் குடிக்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

செய்தி வந்த அன்று பழைய கட்டுரையின் வட்டத்தில் மூன்று இருந்தது; நாலாம் நாள் ஒன்பதாயிரம். பரிசீலனை முடிந்துவிட்டது போலிருக்கிறது, நகராட்சி குழாயை மூடி, தண்ணீர் லாரி அனுப்பி, தெருவைத் தோண்ட ஆரம்பித்தது. குழந்தைகளுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை நடந்தது. தங்கை மகளுக்கு அளவு சற்றுக் கூடுதல்தான், இப்போதே நிறுத்தியதால் இறங்கிவிடும் என்றார் டாக்டர். விஷயம் தெரிந்ததும் அக்கா பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அடக்க முடியவில்லை.

கண்ணைத் துடைப்பதற்குள் தங்கையின் போன் வந்தது.

“ஏங்க்கா, ஊர் உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?”

அக்கா வாயைத் திறந்தாள். இரண்டு வருடமாகச் சொன்னதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பிறகு மூடிக்கொண்டாள்.

“என் தப்புதான். பாப்பாவுக்கு இப்ப என்ன தண்ணி குடுக்குற?”

“லாரித் தண்ணிதான். பேப்பர்லயே போட்டிருக்கானே.”

“சரி. அதையே குடு” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.