பாவாயி மேடத்தின் நான்காம் அத்தியாயம்

மேடத்தின் ஊரான வெண்ணந்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அலுவலக உதவியாளர், ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "நம்ம பாவாயி மேடம் விடியக்காலையில போயிட்டாங்க சார்" என்றார். மாரடைப்பாம். கணிதத் துறையில் பதினான்கு ஆண்டுகள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அழுதேன். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் நடுவில் அவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வட்டத்துக்கு ஒரு சமன்பாடு உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படிச் சமன்பாடுகளைக் கொண்டு வடிவங்களை ஆராய்வது இயற்கணித வடிவியல். அதற்குக் கூட்டலும் பெருக்கலும் வேண்டும். மேடம் அதை ஒப்பவில்லை. "அதென்னங்க சார், கூட்டிப் பெருக்கறவனுக்கு மட்டுந்தான் வடிவமா? எந்தக் கணக்கு முறைக்கும் சமன்பாடு இருக்குது, அப்ப வடிவமும் இருக்கோணுமில்லீங்க?" என்பார். அதற்கு அவர் கைக்கொண்டது கேட்டகரி தியரி. பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அம்புக்குறிகளை வைத்தே எல்லாவற்றையும் சொல்லும் கணிதம் அது.

ஐந்தாண்டு உழைப்பில் உருவான ஆய்வேட்டைச் செவ்வாய்ப்பேட்டை டைப்பிஸ்ட் ஒருவர் அடித்துத் தந்தார். மெஷினில் அம்புக்குறி இல்லாததால் இடம் விட்டிருந்தார். திங்களன்று பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்து வரைந்தோம். நான்காம் அத்தியாயத்தில் என் கை நின்றுவிட்டது. "ஓர் அம்புக்குறியில் சுழிக்கு (0) போவது சுழி மட்டுமே என்றால், வேறு எந்த இரண்டும் ஒரே இடத்துக்குப் போய் ஒன்றாகாது" என்றிருந்தது. கழித்தல் இருந்தால் சரி: ஒரே இடத்துக்குப் போகும் இரண்டைக் கழித்தால் அந்த வித்தியாசம் சுழிக்குப் போகும், ஆகவே அதுவே சுழி, இரண்டும் ஒன்றேதான். இல்லாவிட்டால்? 0, 1, 2 என்று மூன்றே எண்கள். 'இரண்டில் பெரியது எது' என்பது மட்டுமே செயல். அங்கே சுழியைத் தொடாமலே 1ஐயும் 2ஐயும் ஒன்றாக்கிவிடலாம்!

யாருக்குத் தெரியப்போகிறது, வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

மேடம் இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தமிழ்த் துறையினர் எட்டிப் பார்த்தார்கள். "மூணு நம்பர் சேந்து அஞ்சு வருசத்தைக் கவுத்துப் போட்டுதுங்களே! பழக்க தோசத்துல கழிச்சுப்போட்டேன் பாருங்க. அதுக்கு நீங்க ஏனுங்க சார் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? வாங்க, டீ குடிக்கலாம்."

திங்களன்று அவர் போகவில்லை. பதிவு காலாவதியானது, மறுபடி பதிந்தார். சுழியை விட்டுவிட்டு, எவையெவை ஒன்றாகின்றன என்று ஜோடி ஜோடியாகப் பார்த்தால் தேற்றம் நிற்கும் என்று நிறுவ மேலும் இரண்டாண்டு பிடித்தது. நிறுவிய அன்று, பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கையோடு வெளியே இழுத்து வந்துவிட்டார். மாணவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

வாய்மொழித் தேர்வில் இந்தக் கதையை அவரே சொன்னார். வெளியூர்த் தேர்வாளர் வியந்துபோய், "அப்படியே கொடுத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காதே அம்மா, இரண்டு வருடம் மிச்சமாகியிருக்குமே?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே" என்றார் மேடம். முடிவு என்னவென்று கேட்கக்கூட நிற்காமல், எல்லோருக்கும் காபி சொல்ல எழுந்து போனார்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் அந்த வராந்தாவில் விடுவிடுவென்று நடந்து போவது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. போய் வாருங்கள், மேடம்.