பவுண்டுச் சுவர்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

பிறர் வயலில் மேய்ந்த மாடுகளை அடைத்துவைக்கும் பழைய பவுண்டை எங்கள் பேரூராட்சி மனைகளாக்கி விற்க ஏற்பாடு செய்தது. போன வாரம் எல்லைக்கல் ஊன்றக் குழி தோண்டியபோது மண்ணுக்கடியிலிருந்து சாண வாடை எழுந்தது.

சிறுவயதில் எங்கள் செவலைப்பசு அங்கே மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை, திறந்துவிட ஆளில்லை. அது கத்தியது வீடுவரை கேட்டது. அம்மா என்னைச் சுவரோரம் உட்காரவைத்தாள்.

"இங்குட்டு உக்காந்து பேசிக்கிட்டே இரு. ஆளு இருக்குன்னு தெரிஞ்சா கத்தாது."

"என்னத்த ஆத்தா பேச?"

"வாய்க்கு வந்ததப் பேசு. அது போயி யாருகிட்டச் சொல்லப் போகுது?"

யாரிடமும் வாய் திறக்காத நான் பொழுது சாயும்வரை பேசினேன். வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்காராததைக்கூடச் சொன்னேன். சுவருக்கு அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா இறந்துபோனபின் வீட்டில் நான் ஒருத்திதான். சில மாலைகளில் அந்தச் சுவரோரம் நின்று அன்றன்றைய சங்கதியைச் சொல்லிவிட்டு வருவேன். குழி தோண்டிய அன்றும் போனேன்.

"என்னக்கா, மனை பாக்க வந்தீகளா?" என்றார் சர்வேயர்.

"சும்மாதான்" என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் சுவரை இடித்தார்கள். மதியத்துக்குள் எல்லா மனைகளும் ஏலம் போய்விட்டன.