பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தவர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மில்லர்புரத்துக்கு வந்து ஜெபசுதாவின் முகத்தைப் பார்க்கலாம். பல் ஆஸ்பத்திரியில் பல வருடமாக நர்ஸ். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் கேலி பேசியே விரட்டுகிறவள். அவளுக்குத்தான் இது நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துறைமுக லாரி டிரைவர் மந்திரமூர்த்திக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார். ரத்தம் நின்றதா என்று பார்த்து அனுப்புவது ஜெபசுதாவின் வேலை. பல் இருந்த குழியில் பஞ்சை வைத்தாள்.

"இறுக்கிக் கடிங்க அண்ணாச்சி. துப்பக்கூடாது. நான் எடுக்குற வரைக்கும் வாயத் தொறக்காதிய."

அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அந்நேரம் பார்த்து சர்ச்சிலிருந்து போன். கொயர் பாட்டுப் பயிற்சிக்கு எல்லாரும் வந்தாயிற்றாம். ரத்தம் நிற்கிற வரை அரை மணி நேரம் யார் காத்துக் கிடப்பது? "வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டு ஓடினாள். பஞ்சை எப்போது எடுப்பது என்று சொல்லவில்லை. வாய்க்குள் ஒரு தடவை பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை பதினொன்றேகால். கரண்ட் இல்லை. டாக்டர் வரவில்லை. கண்ணாடிக் கதவைத் தொட்டாலே கிரீச்சென்று அலறும். சத்தமே இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால், நாற்காலியில் மந்திரமூர்த்தி சாய்ந்திருந்தார். நேற்றைய அதே காக்கிச் சட்டை.

"என்ன அண்ணாச்சி, வலிக்கா?"

வாய் இறுக மூடியிருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

க்ளக்... க்ளக்...

எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தார்.

"இன்னுமா எடுக்கல?" அவளுக்குச் சுரீரென்றது. நேற்று ஒரு நிமிடம் நின்று பார்க்க எனக்கு என்ன கேடு வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டு கையுறை மாட்டினாள். தாடையைத் தொட்டாள். உறையைத் தாண்டி ஜில்லிட்டது.

"தொறங்க."

வாய் மெல்லத் திறந்தது. பஞ்சை எடுத்தாள். கறுத்து, கனத்துக் கிடந்தது.

விரலில் மூச்சுக் காற்று படவில்லை...

பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

நாற்காலி காலி.

கதவு அலறவே இல்லை.

திங்கட்கிழமை மந்திரமூர்த்தியின் தம்பி சுடலைக்கண்ணன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணன் சனிக்கிழமை விடியக்காலமே போயிட்டான் சிஸ்டர். இருதயத்துக்காவ ரத்தம் உறையாம இருக்க மாத்திர திங்கவன், ரத்தம் நிக்கவே இல்ல. துப்பு அண்ணேன்னு சொன்னா கேக்கல. சிஸ்டர்தான் எடுக்கணும்னு சைகை காட்டிக்கிட்டே ரத்தத்த முழுங்கிக்கிட்டே இருந்தான்."

ஜெபசுதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொன்றுவிட்டேன், நான்தான் கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"செத்த பெறகும் பல்லு இறுகிக் கெடந்துச்சு. வாய்க்கரிசி போட ஆளாளுக்குத் தொறந்து பாத்தும் முடியல. அன்னைக்கே தூக்குத நேரம், காலைல பதினொன்னேகால் இருக்கும்... தானாத் தொறந்துச்சு. உள்ள பஞ்சைக் காணோம்."

சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அரிசி போட்டு அனுப்பிவச்சோம். யாரு எடுத்தாவளோ... அவிய நல்லாருக்கணும் சிஸ்டர்."