பூனை உருண்ட இலை

1. கேட்னிப் வந்த காலை

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சலூனில் புதிதாக எந்த ட்ரீட்மென்ட் வந்தாலும், அதை முதலில் எங்கள் தலையில்தான் போட்டுப் பார்ப்போம். வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால் கடையின் பெயர் கெடும், நமக்கு ஆனால் கொஞ்ச நாள் துப்பட்டா போட்டு மூடிக்கொள்ளலாம் என்பது முதலாளி கோமளா அக்காவின் நியாயம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கும் அது நடக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை. அக்கா கிள்ளானிலிருந்து வரும்போது வேரோடு பிடுங்கிய செடிகளை ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்தார்.

"என்னக்கா இது?"

"கேட்னிப். பூனைங்களுக்குக் குடுப்பாங்கல்ல, அதான். கொதிக்க வச்சு, ஆற வச்சு, கடைசி ரின்ஸா தலைக்கு ஊத்தினா முடி பட்டு மாதிரி ஆகுதாம். நேத்து முழுக்க வீடியோதான் பார்த்தேன்."

"பெட் ஷாப்புல விக்கிறது காஞ்ச தூள்தானேக்கா?"

"அதான் ஃப்ரெஷ்ஷா கொண்டாந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம்ம மக்சிக், அவங்க தோட்டத்துல கெடந்துச்சு. அவங்க பூனைங்க இதைக் கண்டா பைத்தியம் ஆகிடும்லா."

என் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை போலும். அக்கா ஒரு செடியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். பக்கத்து உணவகத்தின் பின்னால் படுத்துக் கிடக்கும் மஞ்சள் பூனை முகர்ந்து பார்த்தது. பிறகு வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது.

"பார்த்தியா? பூனையே சர்டிபிகேட் குடுத்திடுச்சு."

கைப்பேசியில் கேட்னிப் படத்தைத் தேடிப் பார்த்தேன். படத்தில் இருந்த இலை சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பையில் இருந்ததோ சாதாரணப் பச்சை. வெளிநாட்டுச் செடி நம் ஊர் வெயிலில் நிறம் மாறியிருக்குமோ என்று நினைத்தேன். சிகை அலங்காரத்தில் டிப்ளமா வாங்கியவள்தான் நான். ஆனால் அதில் செடிகளைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. அதோடு, பிள்ளை பெற்றதிலிருந்து எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவேளை நல்லதாக இருந்தால்?

பேசினில் தலையைச் சாய்த்தேன். செடியைக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை அக்கா ஊற்றினார். காயவைத்துப் பின்னிக்கொண்டபோது உண்மையிலேயே முடி மிருதுவாகத்தான் இருந்தது.

2. ரஞ்சிதம் ஆன்டி சொன்னது

அடுத்த நாற்காலி, பங்சாரிலிருந்து வழக்கமாக வரும் ரஞ்சிதம் ஆன்டிக்கு. தலையில் டவலோடு உட்கார்ந்திருந்தவர் பையை எட்டிப் பார்த்தார்.

"குப்பைமேனிய எதுக்குடி பறிச்சு வச்சிருக்கீங்க?"

"ஐயோ ஆன்டி, அது கேட்னிப். பூனை உருண்டுச்சு, நாங்க டெஸ்ட் பண்ணிட்டோம்" என்றார் அக்கா.

"குப்பைமேனிக்கும்தான் பூனை உருளும். இது இங்கிலீஷ் இலை, இது தமிழ் இலைன்னு உன் பூனை பார்த்தா உருளுது?"

அக்கா உடனே கிள்ளானுக்குப் போன் போட்டார். மக்சிக்கும் சிரித்துக்கொண்டே, இது கடைகளில் விற்கும் கேட்னிப் இல்லை, இங்கே தானாக முளைக்கும் செடி, பூனைக்குப் பிடிக்கும் என்றுதான் சொன்னேன் என்றார்.

"சரி, குப்பைமேனியா இருந்தா என்ன? மூலிகைதானே" என்று அக்கா சமாளித்தார்.

"சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுவாங்க. முடிக்கு ஊத்தி நான் கேட்டதில்ல. எனக்கு வேணாம்மா, சாதாரண கண்டிஷனரே போடு."

மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பிள்ளையின் நினைவு வந்தது. என் மகன் கவினுக்கு ஜி6பிடி குறைபாடு. பிறந்தவுடன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. சில மருந்துகளும், அந்துருண்டையும், சில மூலிகைகளும் அவன் உடம்பில் சேர்ந்தால் ரத்த அணுக்கள் உடையலாம் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். வீட்டில் சோப்பைக்கூட யோசித்துத்தான் வாங்குவேன். அந்தக் கவின், என் பின்னலை வாயில் வைத்துச் சப்பினால்தான் தூங்குவான்.

3. மிஸ்ஸியிடம் கேட்டது

டவல் காயவைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, பூச்சோங்கில் கவினுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக்கை அழைத்தேன். எடுத்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழர். கவினின் குறைபாட்டையும் இலையின் பெயரையும் சொன்னேன்.

"குப்பைமேனியா? உள்ளுக்குச் சாப்பிட்டா இந்தப் பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு தெரியும். தலையில ஊத்தினா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியலைமா."

"தலையில தானே, தோலுக்குள்ள போகாதுல்ல மிஸ்ஸி?"

"அப்படி நெனைக்காதீங்க. மருதாணி தோல்லதான் போடுறோம், அதுவே இவங்களுக்குக் கூடாது. பிள்ளை உங்க முடிய வாயில வைக்குமா?"

"வைப்பான்."

"அப்ப நல்லா அலசிட்டு வீட்டுக்குப் போங்க. ஒன்னுக்கு டீ கலர்ல போனாலோ, கண்ணு மஞ்சளா இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு."

நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. எனக்கு இருந்த குழப்பம் இன்னும் கூடியது. திரும்பி வந்தால் அக்கா கைப்பேசிக் கேமராவோடு நிற்கிறார்.

"பின்னல அவுத்து விடு. ஆஃப்டர் போட்டோ எடுக்கணும். என்னா ஷைனிங் பாரு!"

"அலசணும்கா."

"பைத்தியமா? அலசினா போட்டோ போச்சு."

பிரசவ விடுப்பு முடிந்து வந்த என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவர் அவர். கவினுக்குக் காய்ச்சல் என்றால் முகம் சுளிக்காமல் அனுப்புகிறவர். அவரிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு போட்டோதானே, எடுத்துவிட்டு அலசலாமா? அதற்குள் நல்ல வெளிச்சம் வேண்டும், இன்னொன்று எடு என்று நேரம் போய்விடுமா? வாய் என்னையறியாமல் சொல்லிவிட்டது.

"கவினுக்கு ஜி6பிடி இருக்குக்கா. என் முடியச் சப்பிட்டுத்தான் தூங்குவான்."

அக்கா கைப்பேசியைக் கீழே வைத்தார். "இத தலைய நீட்டுறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா நீ?"

"கேட்னிப்புன்னு நெனச்சேன்கா."

"கேட்னிப் மட்டும் ஆகுமா அவனுக்கு?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

"வா, படு" என்றார். கடையில் வாடிக்கையாளர்கள் காத்திருக்க, முதலாளியே கையுறை போட்டு என் தலையைத் திரும்பத் திரும்ப ஷாம்பு போட்டு அலசினார். முழு நேரமும் பூனையைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு கவினைத் தூக்கினேன். கொண்டைக்குமேல் துணி கட்டியிருந்ததால் பின்னல் கிடைக்காமல் அழுது தூங்கினான். காலையில் டயப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வழக்கமான நிறம்தான். அலசியதால் தப்பித்தோமா, அலசாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காதா என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அத்தனை ஷாம்புவுக்குப் பிறகும் முடி மிருதுவாகவே இருந்தது. அது இலையாலா, கடைசியில் போட்ட கண்டிஷனராலா என்பதும் புரியவில்லை.

4. இப்போது கேட்பது

அதற்குப் பிறகு யார் தலையில் எந்த இலையை வைத்தாலும், எண்ணெயோ பொடியோ எதுவானாலும், வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறதா, அதற்கு ஜி6பிடி இருக்கிறதா என்று கேட்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள். "முடிவெட்ட வந்தா ரத்தம் பத்திக் கேக்குறீங்க" என்று ஒருவர் கேலி செய்தார்.

தீபாவளிக்கு முன் செராஸிலிருந்து ஓர் இளம்தாய் தலைக்கு மருதாணி பேக் போட வந்தார். தோளில் குழந்தை. அதன் உள்ளங்கையிலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னார். கேட்டேன்.

"ஆமா, இருக்குன்னு சொன்னாங்க. ஆனா மருதாணிக்கும் அதுக்கும் என்ன அக்கா?"

"மருதாணி கூடாதுன்னு எங்க கிளினிக்ல சொன்னாங்க. உங்க தலையில போட்டா பிள்ளைக்கு எதுவும் ஆகுமான்னு எனக்குத் தெரியலை. கேட்டுட்டு வாங்களேன்."

 அவர் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து போனார். பண்டிகைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி காலி. கோமளா அக்கா திட்டுவார் என்று நின்றேன். அவர் கலக்கி வைத்திருந்த மருதாணிக் கிண்ணத்தை மூடி, அந்தத் தாய் விட்டுப்போன டவலை எடுத்து மடித்தார். பிறகு வாசலைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"வாங்க ஆன்டி, உக்காருங்க. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"