புங்க மரத்துக்குப் போன தண்ணீர்

மாரண்டஹள்ளியில் அந்தத் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. நோன்பும் இல்லை, வேண்டுதலும் இல்லை. விடிவதற்குள் வீட்டில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தால், பிற்பகலில் லாரி கிளம்பும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். நாக்கு வறண்டால் வெடித்த தக்காளி ஒன்றைச் சப்பிவிட்டுத் துப்புவார்கள். ஆண்களுக்கு மண்டியின் பின்சுவர் இருக்கிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தி ஷகிலா. கணவர் இத்ரீஸ் கடைவீதியில் தையல்காரர். மகள் சமரீன் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். ஷகிலாவுக்கு உடம்பு கனத்து, முழங்கால்கள் வீங்கிவிட்டன. நாளெல்லாம் வெயிலில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை அது. குந்த முடியாதவளுக்கு மண்டியில் இடமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொன்னார். முதல் படியாகத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சர்க்கரை போட்ட டீயை விட வேண்டும், சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர். நல்ல யோசனைதான். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் டீயின் இடத்தையும் மறுசோற்றின் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம் என்று வேறு சொன்னார். குடித்தது எங்கே போகும் என்பதை மட்டும் அவர் கேட்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பெண் டம்ளரும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மண்டியில் வேலை பார்ப்பவளாகத் தெரியவில்லை.

செய்தி பரவியதும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் என்றாள். இத்ரீஸின் அக்கா ஓதி ஊதிய தண்ணீரை அனுப்பினார். எதைப் பிழிந்தால் என்ன, எதை ஓதினால் என்ன? உள்ளே போனது வெளியே வந்துதானே ஆக வேண்டும்!

மண்டியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. பூட்டியே கிடக்கும். சாவி முதலாளி நவநீதனின் மேசைமேல் இருக்கும். தொலைந்துவிடக் கூடாதென்று, தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியான பச்சைக் கிரேட் ஒன்றின் உடைந்த முழ நீளத் துண்டில் அதைக் கட்டி வைத்திருந்தார்கள். ஏலக் கூட்டத்துக்குள் புகுந்து, கேட்டு வாங்கி, அந்தப் பச்சைத் துண்டைப் பிடித்தபடி மண்டி முழுக்க நடக்க வேண்டும். ஒருமுறை கூட வேலை செய்யும் ராமக்காள் அப்படிப் போனபோது ஒரு வியாபாரி ஏலம் விடும் குரலிலேயே, "ராமக்காவுக்கு அவசரம், ஒருதரம், ரெண்டுதரம்" என்று கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் எந்தப் பெண்ணும் சாவி கேட்கவில்லை.

இது எதுவும் தெரியாத சமரீன், அம்மாவுக்குப் பெரிய பாட்டில் ஒன்றை வாங்கி, தினமும் நிரப்பிக் கொடுத்தாள். தினமும் அது காலியாக வீடு வந்தது. எடை மட்டும் அசையவில்லை. ஒருநாள் சீக்கிரமே பஸ்ஸிலிருந்து இறங்கிய சமரீன், நிறுத்தத்துப் புங்க மரத்தின் அடியில் அம்மா பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வீட்டில் பெரிய ரகளை. தன் உடம்பின்மேல் தனக்கே அக்கறையில்லாதவளுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று இத்ரீஸ் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கத்தினார். ஷகிலா பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள். புருஷனிடமும் பெண்ணிடமும் மண்டிச் சங்கதியை எந்த வார்த்தையில் சொல்வது?

பிறகு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. மகளோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தண்ணி குடிங்கன்னு சொன்னா அதுகூடவா முடியல?"

"குடிக்கறது கஷ்டமில்லீங்க டாக்டரம்மா," என்றாள் ஷகிலா. "பெய்யறதுக்கு எடமில்லீங்க."

டாக்டரம்மா குனிந்து மாத்திரை எழுதினார். சமரீன் மடியிலிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன நாளில், ஷகிலா தக்காளிக் குவியலின் முன் உட்கார்ந்தபடி பாட்டிலைக் காலி செய்தாள். ஏலம் உச்சத்தில் இருந்தபோது எழுந்து, வலிக்கிற காலோடு மேசைக்குப் போய்ச் சாவியைக் கேட்டாள். அதே வியாபாரி, "ஷகிலாக்காவுக்கு அவசரம்" என்று தொடங்கினான்.

"கூவுங்கண்ணே. ஏலத்துல நீங்க எடுத்தாலும் போறது நாந்தான்."

இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. பச்சைத் துண்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கதவைத் திறந்தால் உள்ளே கூரைவரை கிரேட்டுகள்.

பெண்கள் கேட்பதை நிறுத்தியதும், கழிப்பறையைக் கிரேட் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். எப்படிப்பட்ட நியாயம் பாருங்கள்: கேட்க முடியாதபடி செய்துவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்பது. நவநீதனும் ஓடிவந்து அதையேதான் சொன்னார். ஷகிலா கிரேட்டுகளை இழுத்து வெளியே போட்டாள். ராமக்காள் எழுந்து வந்தாள். பிறகு மற்ற பெண்களும் வந்தார்கள். தரம் பிரிக்க ஆளில்லாமல் லாரி நின்றது.

"இதையெல்லாம் நான் எங்கம்மா வெக்கறது?" என்றார் நவநீதன்.

"வெயில்ல வைங்க," என்றாள் ஷகிலா. "நாங்களும் அங்கதானுங்க இருக்கோம்."

உள்ளே குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. கிரேட் கழுவுகிற டிரம்மிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோனாள். இன்றுவரை வாளிதான், குழாய்க்காரர் வருகிறார், வருகிறார் என்கிறார் நவநீதன். சாவி மட்டும் பச்சைத் துண்டிலிருந்து அவிழ்ந்து, ராமக்காளின் முந்தானை முடிச்சுக்கு வந்துவிட்டது.

ஷகிலாவின் எடை இன்னும் குறையவில்லை. அவள் உண்மையிலேயே குடிக்கத் தொடங்கியது இப்போதுதானே. புங்க மரம் இனி மழையைப் பார்த்துக்கொள்ளட்டும்.