என் தம்பியின் காலில் ஏறிய பூஞ்சை

சபையாரே, பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் தம்பி சாமுவேலுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவள் நான். ஆபரேஷன் அறைக்குள் போனபோதுகூட இப்படி நடுங்கியதில்லை.

கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவிடும். அவனுக்கு மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. போன மழைக்காலத்துக்கு முன்பு காலில் வேலிக்காத்தான் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். சில வாரங்களில் அந்த இடத்தில் கட்டி வந்தது. பிறகு கறுத்தது. காய்ச்சல் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பூஞ்சைம்மா. கொரோனா நேரத்துல கருப்புப் பூஞ்சைன்னு கேள்விப்பட்டீங்களே, அது இல்ல. இது ரொம்ப அபூர்வம். நல்லா இருக்கிறவங்கள அநேகமா ஒண்ணும் பண்ணாது. இவருக்கு எலும்பு வரைக்கும் போயிடுச்சு. கெட்ட சதைய வெட்டி எடுக்கணும். கிட்னி மாத்திரையையும் குறைக்கணும்."

"குறைச்சா கிட்னி என்னாகும் மேடம்?"

"போனாலும் போகலாம். குறைக்கலன்னா உயிருக்கே ஆபத்து."

வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோனது. "இயேசப்பா, பயமா இருக்குது. அவன் வேணும்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கட்டிலில் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உன் கிட்னிய வீணாக்கிட்டேனேக்கா."

"போடா. கிட்னியப் பாக்கவா வந்தேன்? உன்னப் பாக்க வந்தேன்."

சொல்லிவிட்டுப் போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு விரல்களையும் பாதத்தின் ஓரத்தையும் எடுத்தார்கள். சிறுநீரக மாத்திரையைக் குறைத்தார்கள். பூஞ்சைக்கான மருந்து நரம்பில் ஏறியது. காலைதோறும் ரத்தம் எடுத்துப் போவார்கள். கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்பேன்; அது கூடினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் கூடியது. மறுநாளும் கூடியது. சோறு இறங்கவில்லை. "இயேசப்பா" என்பது மட்டும் வாயில் இருந்தது. பிறகு ஏறுவது நின்றது. மெல்ல இறங்கியது. புண்ணிலும் பூஞ்சை இல்லை என்று ரிசல்ட் வந்தது.

"கிட்னியும் தப்பிச்சிடுச்சும்மா," என்று டாக்டரம்மா சிரித்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கையை எங்களுக்குத் தந்தவர் கர்த்தர்.

முன்பெல்லாம் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறவன், இப்போது காலைத் தாங்கித் தாங்கி உள்ளே வந்து உட்காருகிறான். ரத்தப் பரிசோதனை நாளில் எனக்கு இன்னமும் பயம்தான். அதை ஒளிக்காமல் கர்த்தரிடமே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்தால், நன்றாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். நான் சொன்னது அவ்வளவுதான். அதை அவர் கேட்டார்.