புள்ளி நாலு மில்லிமீட்டர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம் தரும் வேலை. வீட்டின் பின்னறையில் மேஜை அகலத்துக்கு ஒரு சிஎன்சி ரவுட்டர் வைத்திருந்தாள், அது ஆசைக்கு. கணினியில் வரைந்து கொடுத்தால், பிட் என்கிற சுழலும் வெட்டுமுனையால் பலகையை அதே வடிவத்தில் வெட்டித் தரும். அக்காவின் கணவர் தச்சர். முதலில் அதை விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்தவர், நூலகத்துக்குப் புத்தக அலமாரி செய்யும் வேலை வந்ததும், பக்கப் பலகைகளில் காடி என்கிற பள்ளங்களையும், அவற்றில் செருக வேண்டிய தட்டுகளின் நாக்குகளையும் அவளையே வெட்டித் தரச் சொன்னார்.

அலமாரியை நூலகத்திலேயே வைத்துப் பொருத்தினார்கள். தட்டுகளின் நாக்கு காடிக்குள் இறங்குவேனா என்றது. அத்தான் மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டினார். இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டியதும் பக்கப் பலகை நீளவாக்கில் பிளந்தது. நூலகர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் சட்டென்று சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம் மெதுவா தட்டியிருக்கலாம் அத்தான்."

அவர் நூலகரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு செய்து தருவதாகச் சொல்லிவிட்டு, கொட்டாப்புளியைப் பைக்குள் போட்டார்.

நாலு நாள் கழித்து ஏதோ உறுத்த, பிட்டை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். டப்பாவில் ஆறு மில்லிமீட்டர் என்றிருந்தது. வெர்னியர் ஐந்து புள்ளி எட்டு காட்டியது. மழுங்கிய பிட்டைச் சாணை பிடிக்கக் கொடுத்து வாங்கியவள் அவள்தான். தேய்த்தால் குறையும் என்பது லென்ஸ் தேய்ப்பவளுக்குத் தெரியாதா? அளந்து பார்க்காமல் ஆறு என்றே கணினியில் அடித்திருந்தாள். பிட் அதனால் குறைவாகவே சீவி, காடி புள்ளி ரெண்டு குறுகி, நாக்கு புள்ளி ரெண்டு அகன்று, மொத்தம் புள்ளி நாலு மில்லிமீட்டர் இடித்திருக்கிறது. எண்ணைத் திருத்தி, கழிவுத் துண்டுகளில் ஒரு காடியும் ஒரு நாக்கும் வெட்டினாள். விரலால் அழுத்தியதுமே நாக்கு உள்ளே போய் உட்கார்ந்தது.

அப்போதே போன் செய்திருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். நாளை மூன்று வாரமானது.

ஒருநாள் அக்காதான் போனில் சொன்னாள். வந்த இரண்டு வேலையையும் அத்தான் திருப்பி அனுப்பிவிட்டாராம். கையில் எவ்வளவு பலம் போகிறதென்றே தெரியவில்லை என்கிறாராம். டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறாராம். நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார்களாம்.

அவள் போனை வைத்தாள். அன்று சாயங்காலமே அத்தான் வீட்டுப் பட்டறைக்குப் போய், பிட்டையும் வெர்னியரையும் அவர் முன்னால் வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தானே அளந்து பார்த்தார்.

"இது எப்போ தெரியும் உனக்கு?"

"மூணு வாரமா தெரியும் அத்தான்."

"அளவு தப்புறது யாருக்கும் நடக்கும்," என்றார். "மூணு வாரமா நான் என் கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்மா."

எழுந்து உள்ளே போய்விட்டார். அக்காவும் அவளை இரு என்று சொல்லவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு நூலகரைப் பார்த்து, தப்பு தன்னுடையது என்றாள். பிட்டை மூன்று இடத்தில் அளந்து, சின்னத் துண்டில் வெட்டிச் சரிபார்த்து, அதன்பிறகே அலமாரிக்கான புதுப் பலகையில் கை வைத்தாள். அத்தான் வந்து பொருத்தினார். ஒவ்வொரு தட்டும் உள்ளங்கை அழுத்தத்திலேயே இறங்கியது. டாக்டரிடம் போகத் தேவையில்லாமல் போனது.

இப்போது அவர் பழையபடி வேலைக்குப் போகிறார். அவள் வீட்டுக்கு வந்தால் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் காடிகளைத் தானே உளியால் வெட்டிக்கொள்கிறார். நான் வெட்டித் தருகிறேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.